சுட்ட ஓடு மீண்டும் எரியாது

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தை அறியாத தமிழர்கள் மலேசியாவில் குறைவு. துன் சம்பந்தன் சாலையின் பூக்கடைகள், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள், பக்கத்திலேயே சென்ட்ரல் ரயில் நிலையம் என்று உடனே ஒரு படம் கண்முன் வரும். ஆனால், ‘பிரிக்’ என்றால் செங்கல். ‘பீல்ட்’ என்றால் வயல் அல்லது திடல். இன்று அங்கே ஒரு செங்கற்சூளைகூட இல்லை. பிறகு எப்படி வந்தது இந்தப் பெயர்?

விடை ஒரு தீ விபத்தில் இருக்கிறது.

1881-ஆம் ஆண்டு கோலாலம்பூர் என்பது ஈயச் சுரங்கத் தொழிலை நம்பியிருந்த ஒரு சிறிய ஊர். வீடுகளுக்கும் கடைகளுக்கும் சுவர் மரப்பலகை, கூரை அத்தாப்பு. அந்த ஆண்டு ஜனவரி மாதம் மூண்ட தீயில் ஊரே அழிந்தது. அதே ஆண்டில் பெருவெள்ளமும் வந்து, மிஞ்சியதையும் சேர்த்து அடித்துச் சென்றது. 1882-இல் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹம், இனி கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும்தான் கட்ட வேண்டும் என்று வலியுறுத்தினார். அத்தனை செங்கல்லுக்கும் ஓட்டுக்கும் எங்கே போவது? சீனர்களின் தலைவராக இருந்த கப்பித்தான் யாப் ஆ லோய் பரந்த நிலம் ஒன்றை வாங்கி, செங்கல் தொழிலைத் தொடங்கினார். அந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். ரயில்வே பணிமனைகளும், அவற்றில் வேலை செய்ய வந்த தமிழர்களும் அங்கே குடியேறியதெல்லாம் பிறகு நடந்தவை.

சுவரை மட்டுமல்ல, கூரையையும் மாற்று என்று சொன்ன அந்த உத்தரவில் நல்ல அறிவியல் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால், இன்று நம் வீட்டுக் கூரையையும் வேறு கண்ணோடு பார்ப்போம்.

அத்தாப்பு ஏன் அவ்வளவு விரைவாக எரிகிறது?

சதுப்பு நிலங்களில் வளரும் நீப்பா பனையின் ஓலையை ஒரு குச்சியின் மேல் மடித்துத் தைத்து, வரிசை வரிசையாக அடுக்கினால் அத்தாப்புக் கூரை தயார். மலிவானது, எடை குறைந்தது. ஓலை அடுக்குகளுக்கிடையே சிக்கிக்கொண்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால் கொளுத்தும் வெயிலிலும் வீட்டுக்குள் குளுமையாக இருக்கும். நம் தட்பவெப்ப நிலைக்கு மிகவும் ஏற்ற கூரைதான். குறை ஒன்றே ஒன்று: வெயிலைத் தடுக்கும் அதே காற்று, தீ பிடித்தால் அதற்கு ஆக்சிஜன் ஊட்டுகிறது.

இன்னொரு காரணம் மேற்பரப்பு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் 10 சென்டிமீட்டர் உள்ள மரக்கட்டை ஒன்று. அதற்கு ஆறு முகங்கள். மொத்த மேற்பரப்பு 600 சதுர சென்டிமீட்டர். அதே கட்டையை 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள 100 தகடுகளாகச் சீவுங்கள். ஒவ்வொரு தகட்டுக்கும் 204 சதுர சென்டிமீட்டர். மொத்தம் 20,400. மரம் அதே மரம்தான். ஆனால் காற்றைத் தொடும் பரப்பு 34 மடங்கு கூடிவிட்டது. அடுப்பு மூட்டும்போது பெரிய கட்டையைக் கொளுத்தாமல் சிராய்களைக் கொளுத்துவது இதனால்தான். காய்ந்த ஓலைக் கூரை என்பது வீட்டின் தலைமேல் விரித்து வைத்த சிராய்க் குவியல்.

தீ வீடு தாவும் வழிகள்

‘வெப்பம்’ பாடத்தில் வெப்பம் பரவும் மூன்று முறைகளைப் படித்திருப்பீர்கள்: கடத்தல், சலனம், கதிர்வீச்சு. தீ விபத்தில் இந்த மூன்றும் ஒன்றாக வேலை செய்கின்றன.

அறைக்குள் தீப்பற்றினால் சூடான வாயுக்கள் விரிந்து, அடர்த்தி குறைந்து, மேலே ஏறுகின்றன. இது சலனம். ஆகவே வீட்டில் எங்கே தீ பிடித்தாலும் அதன் வெப்பம் முதலில் போய்ச் சேரும் இடம் கூரைதான். எரியும் கூரையிலிருந்து கிளம்பும் கதிர்வீச்சு, எதிர் வீட்டுச் சுவரையும் கூரையையும் தொடாமலேயே சூடேற்றுகிறது. தகரக் கூரையாக இருந்தால், மேலே விழுந்த வெப்பத்தை உலோகம் கீழே உள்ள மரச்சட்டத்துக்குக் கடத்திவிடுகிறது.

இவற்றோடு பாடநூல் பெரிதாகப் பேசாத நான்காவது வழி ஒன்று உண்டு. அதுதான் பறக்கும் தீக்கங்கு. எரியும் கூரையிலிருந்து பிய்ந்த துண்டுகளை மேலெழும் சூடான காற்று தூக்கிச் செல்கிறது; வீசும் காற்று அவற்றைத் தெரு தாண்டிக் கொண்டுபோய்ப் போடுகிறது. அவை விழும் இடமும் பெரும்பாலும் இன்னொரு கூரைதான். எனவே கூரை இரண்டு வகையில் முக்கியமாகிறது: தன் வீட்டுத் தீயை ஊருக்கு அனுப்புவதும் கூரை, ஊர்த் தீயைத் தன் வீட்டுக்குள் இறக்குவதும் கூரை. 1881-இல் ஊர் முழுவதும் எரிந்ததற்கு இதுவே போதுமான விளக்கம்.

சூளையில் நடப்பது என்ன?

ஓடு ஏன் எரிவதில்லை? எரிதல் என்பது ஒரு பொருள் ஆக்சிஜனோடு விரைவாகச் சேர்ந்து வெப்பத்தை வெளியிடும் வேதிவினை. ஓலையிலும் மரத்திலும் உள்ள கார்பனும் ஹைட்ரஜனும் அப்படிச் சேரத் தயாராக இருக்கின்றன. களிமண்ணோ பெரும்பாலும் அலுமினியம், சிலிக்கான் ஆகியவற்றின் சேர்மங்களால் ஆனது. அவை ஏற்கனவே ஆக்சிஜனோடு பிணைந்துவிட்டவை. களிமண்ணில் கலந்திருக்கும் வேர், இலைத் துகள்கள் போன்றவை மட்டும் எரியக்கூடியவை. அவையும் ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸ் சூளையில் எரிந்து போய்விடுகின்றன. அங்கேயே இரும்புச் சேர்மங்கள் செந்நிற இரும்பு ஆக்சைடாக மாறி, ஓட்டுக்கு அந்தச் சிவப்பைத் தருகின்றன.

சுருக்கமாகச் சொன்னால், ஓடு தன் தீயைச் சூளையிலேயே பார்த்து முடித்துவிட்டது. வீட்டுத் தீக்கு அதனிடம் எடுத்துக்கொள்ள எதுவும் மிச்சமில்லை.

கும்பகோணம் சொன்ன பாடம்

சுவரும் தரையும் செங்கல்லாக இருந்து, தலை மட்டும் ஓலையாக இருந்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்குத் தமிழ்நாடு 2004-ஆம் ஆண்டில் இரண்டு முறை மிகப் பெரிய விலை கொடுத்தது.

அந்த ஆண்டு ஜனவரி 23 அன்று, ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபம். கட்டடம் உறுதியானதுதான். ஆனால் மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டு, அங்கே திருமணம் நடந்துகொண்டிருந்தது. கொட்டகையில் தீப்பற்றியது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 16, கும்பகோணம். ஸ்ரீ கிருஷ்ணா பள்ளியில் மதிய உணவு சமைத்துக்கொண்டிருந்த சமையற்கூடத்தில் தீ பிடித்தது. மேல்மாடியின் கீற்றுக் கூரைக்குத் தீ தாவியது. அதன்கீழே வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. எரிந்த கூரை பிள்ளைகள் மேல் சரிந்தது. படிக்கட்டோ குறுகலானது. 94 குழந்தைகள் உயிரிழந்தார்கள். உங்களைவிட வயதில் சிறியவர்கள், தொடக்கப்பள்ளி மாணவர்கள். அதன் பிறகுதான் தமிழ்நாடெங்கும் பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன.

இரண்டு இடங்களிலும் கட்டடத்தின் மேல் பின்னர் சேர்த்த கூரைதான் எமனாக வந்தது. ‘சும்மா ஒரு கொட்டகைதானே’ என்று நினைக்கிறோம். ஆனால் தீக்கு அது கொட்டகையா கட்டடமா என்ற வேறுபாடு தெரியாது. மேல்மாடியில் உள்ளவர்கள் தப்பிக்கக் கீழே இறங்கத்தான் வேண்டும். தரையில் போட்ட பந்தலைப் போல நான்கு பக்கமும் ஓட முடியாது. அதனால், மாடிமேல் எழுப்பும் எதையும் கட்டடத்தின் ஒரு பகுதியாகவே கணக்கில் எடுக்க வேண்டும்.

எரியாதது வேறு, தாங்குவது வேறு

அப்படியானால் எரியாத பொருளை மேலே போட்டுவிட்டால் போதுமா? போதாது. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள்.

பாரிஸ் நகரின் நோத்ர தாம் தேவாலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கூரையின் மேற்புறம் ஈயத் தகடு. ஈயம் ஓலையைப் போல எரிந்து பரவாது. ஆனால் தகட்டுக்குக் கீழே நூற்றாண்டுகள் பழைமையான ஓக் மரச் சட்டங்கள், காடுபோல் அடர்ந்து கிடந்தன. 2019 ஏப்ரல் 15 அன்று அந்த மரங்களில் பற்றிய தீ கூரை முழுவதையும் விழுங்கியது. 327 டிகிரியிலேயே உருகும் ஈயம் வழிந்தோடியது. தேவாலயத்தின் உள்ளே பெரும்பகுதியைக் காப்பாற்றியது, மரத்துக்குக் கீழே இருந்த கல் வளைவுக் கூரை.

இன்னொரு வியப்பு. எஃகு எரியாது, மரம் எரியும். ஆனால் தீயில் எது அதிக நேரம் நிற்கும்? எஃகு சுமார் 550 முதல் 600 டிகிரியை எட்டும்போது தன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும். இன்று புதிய வீடுகளின் கூரைகளைத் தாங்கும் மெல்லிய எஃகுச் சட்டங்கள் மிக விரைவில் அந்த வெப்பநிலைக்குப் போய்விடும். பிறகு வளைந்து சரியும். தடித்த மர உத்தரமோ வெளிப்புறம் கரியாகிக்கொண்டே போகும். அந்தக் கரி, வெப்பம் உள்ளே போகாமல் தடுக்கும் போர்வையாகிவிடுகிறது. ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர்தான் உள்ளே கரியும். கால் மணி நேரத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவு. உத்தரம் தடிப்பாக இருந்தால் நடுப்பகுதி இன்னும் சுமை தாங்கும்.

இதனால்தான் கட்டடப் பொறியாளர்கள் ‘இது எரியுமா?’ என்று கேட்பதோடு நிறுத்துவதில்லை. ‘தீயில் எவ்வளவு நேரம் தாங்கும்?’ என்றும் கேட்கிறார்கள். ஒரு சுவரோ தளமோ ஒரு மணி நேரம் தாங்கும் என்றால் அதற்கு மூன்று பொருள். ஒன்று, அது சரிந்து விழாமல் நிற்க வேண்டும். இரண்டு, வெடிப்பு விட்டுச் சுடரை மறுபுறம் அனுப்பக்கூடாது. மூன்று, மறுபுறத்தின் சராசரி வெப்பநிலை 140 டிகிரிக்கு மேல் உயரக்கூடாது. அந்த ஒரு மணி நேரம் யாருக்காக? உள்ளே இருப்பவர்கள் வெளியேறுவதற்காக. தீயணைப்பு வீரர்கள் வந்து சேர்வதற்காக.

சுவர் கூரையைத் தாண்ட வேண்டும்

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ பழைய கடைவீடுகள் இருக்கும் தெருவில் நின்று, அஞ்சடிக்கு வெளியே வந்து, ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். இரண்டு கடைகளுக்கு நடுவில் உள்ள சுவர் ஓட்டுக்குக் கீழே நின்றுவிடாமல், ஓட்டைத் துளைத்துக்கொண்டு மேலே ஒரு சாண் எழும்பி நிற்பதைப் பல இடங்களில் காணலாம். பலர் அதை அழகுக்காக வைத்தது என்று நினைப்பார்கள். உண்மையில் அது தீக்குப் போட்ட வேலி. ஒரு கடையின் கூரை எரிந்தாலும் சுடர் எளிதில் பக்கத்துக் கூரைக்குப் படர முடியாது.

மலேசியாவின் 1984-ஆம் ஆண்டு சீரான கட்டடத் துணைச்சட்டங்களிலும் இந்த விதி இருக்கிறது. இரண்டு வீடுகளுக்குப் பொதுவான சுவர், கூரையின் மேற்பரப்பிலிருந்து குறைந்தது 225 மில்லிமீட்டர் மேலே எழும்ப வேண்டும் என்கிறது அது. அதே ஒரு சாண்தான்!

கிள்ளான் பள்ளத்தாக்கில் நம்மில் பலர் வசிப்பது வரிசை வீடுகளில். சீலிங்குக்கும் ஓட்டுக்கும் இடையில் இருண்ட ஒரு வெற்றிடம் இருக்கிறதல்லவா? பொதுச்சுவர் சீலிங்கோடு நின்றுவிட்டாலோ, கம்பி இழுக்கவும் குழாய் போடவும் யாராவது அதில் துளையிட்டு மூடாமல் விட்டாலோ, அந்த வெற்றிடம் பத்து வீடுகளுக்கும் பொதுவான சுரங்கப் பாதையாகிவிடும். முதல் வீட்டில் பிடித்த தீயின் புகையும் வெப்பமும் அதன் வழியே நான்காம் வீட்டுக்குப் போய்விடும். அங்கே தூங்குபவருக்குத் தெரியவே தெரியாது. கண்ணுக்குத் தெரியாத இந்த இடத்தில் சுவர் முழுமையாக இருக்கிறதா என்பதே வரிசை வீட்டுக் கூரையின் முதல் கேள்வி.

கூரைக்கும் தேர்வு உண்டு

உங்களுக்கு எஸ்.பி.எம். இருப்பதுபோல் கூரைக்கும் ஒரு தேர்வு உண்டு; மதிப்பெண்ணும் எழுத்திலேயே வரும். பழைய பிரிட்டிஷ் தரநிலையில் கூரைக்கு இரண்டு எழுத்துகள் கிடைக்கும். முதல் எழுத்து, வெளியிலிருந்து வரும் தீ கூரையைத் துளைத்து உள்ளே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதற்கு. ஒரு மணி நேரம் தாங்கினால் ‘ஏ’. அரை மணி நேரமாவது தாங்கினால் ‘பி’. அதற்கும் குறைந்தால் ‘சி’. தொடக்கச் சோதனையிலேயே தோற்றால் ‘டி’. இரண்டாவது எழுத்து, கூரையின் மேற்பரப்பில் சுடர் எவ்வளவு தூரம் படர்கிறது என்பதற்கு. ‘ஏஏ’ வாங்கிய கூரைதான் வகுப்பில் முதல் மாணவன்.

அமெரிக்கச் சோதனையில் பறக்கும் தீக்கங்கையே பரீட்சையாக வைக்கிறார்கள். முதல் தர மதிப்பு வேண்டுமானால், ஏறத்தாழ ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், 2 கிலோ எடையுள்ள எரியும் மரச்சட்டத்தைக் கூரைமேல் வைப்பார்கள். அது எரிந்து முடியும்வரை கூரை அதைக் கீழே விடக்கூடாது.

தெரியுமா உங்களுக்கு?

லண்டனில் ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் அரங்கேறிய குளோப் அரங்கு 1613 ஜூன் 29 அன்று எரிந்து போனது. நாடகத்துக்காக வெடித்த பீரங்கியின் பொறி கூரையில் வேய்ந்திருந்த புல்லில் விழுந்ததே காரணம். மீண்டும் கட்டியபோது ஓடு போட்டார்கள். 1997-இல் திறக்கப்பட்ட இன்றைய குளோப் அரங்குக்குப் பழைய தோற்றத்துக்காக மறுபடி புல் கூரையே வேயப்பட்டது. ஆனால் இம்முறை கூரையின் மேலேயே நீர் தெளிக்கும் குழாய்களும் உண்டு!

இன்றைய கூரைகளில் புதிய ஓலைகள்

நம் வீடுகளில் இப்போது அத்தாப்பு இல்லை. அதனால் ஆபத்தும் போய்விட்டதா? ஓலையின் இடத்தில் வேறு சில பொருள்கள் வந்திருக்கின்றன.

வீட்டின் முன்னால் கார் நிறுத்த ‘ஆனிங்’ போடுகிறோம். ‘ஏசிபி’ என்று குத்தகையாளர்கள் சொல்லும் பலகை அதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. வெளியே இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகள். நடுவே ஒரு நிரப்புப் பொருள். மலிவான வகையில் அந்த நிரப்பு பாலிஎத்திலீன், அதாவது பிளாஸ்டிக் பைகள் செய்யும் பொருள். ஒரு கிலோ மரம் எரிந்தால் ஏறத்தாழ 16 முதல் 18 மெகாஜூல் வெப்பம் வரும். ஒரு கிலோ பாலிஎத்திலீன் எரிந்தால் சுமார் 46. அது பெட்ரோலுக்குச் சமம்! அலுமினியமோ 660 டிகிரியில் உருகி வழிவிட்டுவிடும். 2017 ஜூன் 14 அன்று லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடியில் 72 பேர் இறந்ததற்கு, வெளிச்சுவரில் பதித்திருந்த இத்தகைய பலகைகளே முக்கியக் காரணம். அடுத்த ஆண்டு பிப்ரவரி 13 அன்று பெட்டாலிங் ஜெயாவில் ஊழியர் சேமநிதி வாரியக் கட்டடத்தின் வெளிச்சுவரில் தீ படர்ந்ததும் நமக்கு நினைவிருக்க வேண்டும். தீயைத் தாங்கும் கனிம நிரப்புள்ள ஏசிபி பலகைகளும் கடையில் கிடைக்கின்றன. மேலே பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது சூரியத் தகடுகள். மின்கட்டணத்தைக் குறைக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் பகல் வெளிச்சம் இருக்கும்வரை தகட்டில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். வீட்டின் முதன்மைச் சுவிட்சை அணைத்தாலும் கூரைமேல் அது நிற்பதில்லை. இணைப்புகள் தளர்ந்தால் அங்கே மின்பொறி உண்டாகலாம். தகட்டுக்கும் கூரைக்கும் இடையில் சேரும் காய்ந்த இலைக்கு அந்தப் பொறி போதும். ஆகவே தகுதி பெற்றவர்களே அவற்றைப் பொருத்த வேண்டும். இடைவெளியும் சுத்தமாக இருக்க வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது

எரித்துப் பார்க்கும் சோதனை எதுவும் வேண்டாம். கண்ணும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். இந்த வார இறுதியில் பெற்றோரோடு சேர்ந்து இவற்றைக் கவனியுங்கள்:

• கூரைக்குத் தண்ணீர் வடியும் பீலியில் காய்ந்த இலைகள் அடைத்திருக்கின்றனவா? தீபாவளி ராக்கெட்டு ஒன்று அங்கே விழுந்தால் போதும். ஏணி ஏறிச் சுத்தம் செய்வது பெரியவர்கள் வேலை.

• வீட்டில் வேலை செய்ய வந்த மின்பணியாளரிடம் கேளுங்கள்: சீலிங்குக்கு மேல் பொதுச்சுவர் ஓடுவரை போகிறதா? துளைகள் மூடப்பட்டுள்ளனவா?

• வீட்டின் பின்புறம் சமையலறையை நீட்டிக் கட்டியிருந்தால், எரிவாயுத் தோம்புக்கும் அடுப்புக்கும் மேலே இருக்கும் கூரை என்ன பொருள்? பிளாஸ்டிக் தகடா, ஓடா?

• கடைவீட்டின் மாடியில் வசிப்பவர்கள், மொட்டைமாடியில் தகரக் கொட்டகையும் பழைய மெத்தையும் அட்டைப்பெட்டியும் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். படிக்கட்டில் எதுவும் வழியை மறிக்கக்கூடாது.

• ஆனிங், மாடிக் கொட்டகை, நீட்டிப்புக் கூரை எதையும் எழுப்புவதற்கு முன் ஊராட்சி மன்றத்தின் அனுமதி பெற வேண்டும். அந்தப் படிவம் வெறும் சடங்கல்ல. கூரைப் பொருளையும் சுவரையும் இன்னொரு கண் பார்ப்பதற்கான வாய்ப்பு.

தீ பிடித்துவிட்டால், கூரைக்கு ஏறாதீர்கள். குனிந்து, புகைக்குக் கீழே, வெளியே போய்விடுங்கள். வெளியே வந்த பிறகு 999-க்கு அழையுங்கள். பொருளை எடுக்கத் திரும்பி உள்ளே போகவே கூடாது.

கட்டட விதிகள் பெரும்பாலும் ஒரு விபத்துக்குப் பிறகே எழுதப்பட்டிருக்கின்றன. ஊர் எரிந்த பிறகு கோலாலம்பூர் ஓட்டுக்கு மாறியது. 94 பிள்ளைகள் போன பிறகு தமிழ்நாட்டின் பள்ளிகள் கீற்றைக் களைந்தன. அந்த விதிகள் இன்று நம் கையில் இருக்கின்றன. அடுத்த தீ வந்து கற்பிக்கும்வரை காத்திராமல், தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று இப்போதே நிமிர்ந்து பார்ப்போம்.